தன் குறைகளை எழுதி வைத்த நடிகர்

ஒரு படம் பார்த்து முடித்ததும், இவர் நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார் என்று பாராட்டுகிறோம். அப்படி நடிப்பதற்கும் ஒரு பயிற்சி முறை உண்டு என்று உலகத்துக்குக் காட்டியவர் ரஷ்ய நாடக இயக்குநர் கான்ஸ்டன்டின் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி. அந்த முறையின் தொடக்கம் ஒரு சிறுவனின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது.

1863ஆம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்த அவருடைய இயற்பெயர் கான்ஸ்டன்டின் அலெக்ஸேயெவ். குடும்பத்துக்குச் சொந்தமாகத் தங்க, வெள்ளிச் சரிகை தயாரிக்கும் ஆலை இருந்தது. நாடகப் பிரியரான தந்தை, லியுபிமோவ்கா என்ற ஊரிலிருந்த கோடை இல்லத்தில் பிள்ளைகளுக்காக ஒரு சிறிய அரங்கமே அமைத்துக் கொடுத்தார்.

1877இல், 14 வயதில், அந்த மேடையில் அவர் ஏறினார். பிரமாதமாக நடித்துவிட்டதாகவே நினைத்தார். ஆனால் அவர் வேகமாகப் பேசியதில் வசனமே புரியவில்லை என்றார்கள் பார்த்தவர்கள். தனக்குள் பொங்கிய உணர்ச்சி ஏன் எதிரே இருந்தவர்களைப் போய்ச் சேரவில்லை? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. அன்று முதல் ஒவ்வொரு நாடகத்துக்குப் பிறகும் தன் குரல், நடை, கையசைவு ஆகியவற்றில் கண்ட குறைகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினார்.

வசதியான வணிகக் குடும்பத்துப் பிள்ளை கூத்தாடுவது அக்காலத்தில் கௌரவக் குறைச்சல். அதனால்தான் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி என்ற புனைபெயர்.

1897இல் எழுத்தாளர் நெமிரோவிச்-தான்சென்கோவை மாஸ்கோ உணவகம் ஒன்றில் சந்தித்தார். பகலில் தொடங்கிய பேச்சு மறுநாள் காலை வரை 18 மணி நேரம் நீண்டது. அதன் பலனாக 1898இல் மாஸ்கோ கலை அரங்கம் பிறந்தது. பீட்டர்ஸ்பர்க்கில் தோல்வி கண்டிருந்த செகாவின் 'கடற்பறவை' நாடகம் அங்கே பெரும் வெற்றி பெற்றது.

புகழின் உச்சியில்தான் சோதனை வந்தது. 1906இல் ஐரோப்பியப் பயணம் வெற்றியாக முடிந்திருந்தது. ஆனால் மேடையில் தன் மனம் வெறுமையாக இருப்பதையும், பழைய அசைவுகளை இயந்திரம் போலத் திரும்பச் செய்வதையும் அவர் உணர்ந்தார். அந்தக் கோடையில் பின்லாந்துக் கடற்கரைப் பாறை ஒன்றில் தினமும் அமர்ந்து, தன் பழைய குறிப்புகளையும் நினைவுகளையும் அலசினார்.

அந்தத் தேடலிலிருந்து பயிற்சிகள் உருவாயின. தசைகளைத் தளர்த்துவது, கவனத்தை ஒன்றில் நிறுத்துவது, இந்த நிலையில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று தன்னையே கேட்டுக்கொள்வது ஆகியவை அவற்றில் சில. அனுபவம் மிக்க நடிகர்கள் பலர் இதை ஏற்கத் தயங்கினார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை. 1912இல் இளம் நடிகர்களுக்காகவே ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார்.

1917 புரட்சியில் ஆலையும் சொத்தும் போயின. கலை மட்டும் மிஞ்சியது. 1923, 1924ஆம் ஆண்டுகளில் அரங்கம் அமெரிக்காவில் நாடகங்கள் நடத்தியது. அங்கேயே தங்கிய அவருடைய மாணவர்கள் அந்த முறையைக் கற்பித்தார்கள். அவர்களிடம் பயின்ற ஸ்டெல்லா அட்லரிடம்தான் பின்னாளில் மார்லன் பிராண்டோ பாடம் கற்றார்.

1928இல் மேடையிலேயே ஸ்தானிஸ்லாவ்ஸ்கிக்கு மாரடைப்பு வந்தது. தன் காட்சியை முடித்துவிட்டே உள்ளே போனார். அதன் பின் அவர் நடிக்கவில்லை. கற்பிப்பதும் எழுதுவதும் தொடர்ந்தன. 1938 ஆகஸ்ட் 7ஆம் தேதி, 75 வயதில் காலமானார்.

கைதட்டல் கிடைத்த நாளிலும் தன் குறையைத் தேடி எழுதியவர் அவர். நம் ஊர் மேடைகளில் முதன்முதலாக ஏறும் இளையோரும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தொடங்கலாம்.