மலைக்காட்டின் சீதாராம ராஜு

காவியுடையும் வில்லுமாக அல்லூரி சீதாராம ராஜுவைத் திரைப்படங்களில் நாம் பார்த்திருக்கிறோம். அவர் எதற்காக வில்லெடுத்தார் என்பதைப் படங்கள் விரைவில் கடந்துவிடுகின்றன. ஆகவே அதையே இங்கு எழுத முற்பட்டேன்.

1897-இல் விசாகப்பட்டின ஜில்லாவிலுள்ள பாண்ட்ரங்கியில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். படிப்பும் பாதியில் நின்றது. துறவு மனத்துடன் அலைந்து, முடிவில் மலையடிவாரத்துக் கிருஷ்ணதேவிப்பேட்டையை அடைந்தார். அவர் மலைவாசி அல்லர்.

கூடெம், ரம்பா மலைகளில் கோயர்களும் கொண்டரெட்டிகளும் வாழ்ந்தனர். காட்டில் ஒரு பகுதியை வெட்டி, எரித்து, அந்தச் சாம்பலில் விதைப்பார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் அதைத் தழைக்க விட்டு வேறிடம் பெயர்வார்கள். இதற்குப் ‘போடு’ என்று பெயர். சென்னை அரசாங்கம் 1882-இல் இயற்றிய வனச் சட்டம் இதன்மீது விழுந்தது. ஒதுக்கிய காட்டில் பயிரிடுவது குற்றம். மாடு மேய்ப்பதற்கும் விறகு பொறுக்குவதற்கும் காட்டிலாகாவின் தயவு வேண்டும். பாட்டன் காலத்துக் காட்டிலேயே பேரன் திருடனானான். போதாக்குறைக்கு, மலைச் சாலை போட வந்த துணைத் தாசில்தார் பாஸ்டியன், உரிய கூலி தராமல் மலைமக்களை வாட்டினார்.

மதுவை விடும்படியும் வழக்குகளைப் பஞ்சாயத்தில் தீர்க்கும்படியும் முதலில் போதித்த ராஜு, 1922 ஆகஸ்டு 22 முதல் 24 வரை, மூன்றே நாட்களில், சிந்தபல்லி, கிருஷ்ணதேவிப்பேட்டை, ராஜவொம்மங்கி ஆகிய மூன்று காவல் நிலையங்களைத் தாக்கித் துப்பாக்கிகளைக் கைப்பற்றினார். எடுத்தவற்றுக்குக் கணக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனார்! திருடர் என்று பெயர் சூட்டப்பட்டவர்களின் தலைவர் செய்த இந்தக் காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

மலபார் போலீசும் அஸ்ஸாம் ரைபிள்ஸ் படையும் வந்தன. 1924 மே 7-ஆம் நாள், கொய்யூரில் அவரை மரத்தில் கட்டி, விசாரணையின்றிச் சுட்டுக் கொன்றனர். அப்போது அவருக்கு வயது 26. தோள் கொடுத்த கண்டம் தோரா அடுத்த மாதமே கொல்லப்பட்டார். அவர் சகோதரர் மல்லு தோரா அந்தமான் சிறை கண்டு மீண்டு, 1952-இல் பாராளுமன்ற உறுப்பினரானார். மலைமக்களான இவ்விருவரையும் நாம் அறியாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

அந்த மலைக்காடுகளில் ஒரு பகுதி 2008-இல் பாபிகொண்டா தேசியப் பூங்கா ஆயிற்று. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே உழுதுவந்த பழங்குடியினருக்குப் பட்டா உண்டு என்கிறது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். ஆனாலும் போடு நிலம் பற்றிய வழக்கு ஓயவில்லை. 1882-ஆம் ஆண்டுச் சட்டமோ, தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் நம் ஊர் மலைகளில் இன்றும் நடப்பில் இருக்கிறது.