இடது கையில் ஒரு தழும்பு

சட்டைக் கையை மடித்து இடது தோளுக்குக் கீழே பாருங்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அங்கே சின்னதாக ஒரு தழும்பு இருக்கும். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. 'பி' என்பது பாசிலஸ் என்ற கிருமியைக் குறிக்கும். 'சி' என்பது கால்மெட் என்ற டாக்டர். கடைசி எழுத்தான 'ஜி' யார் தெரியுமா? கமீல் கெரின், ஒரு மாட்டு டாக்டர்!

கெரின் 1872இல் பிரான்சில் புவாத்தியே நகரில் ஒரு சாதாரணக் குடும்பத்தில் பிறந்தார். பத்து வயதுகூட நிரம்பவில்லை, காசநோய் அப்பாவைக் கொண்டு போய்விட்டது. கால்நடை மருத்துவம் படித்து முடித்து, 1897இல் லீல் நகரப் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் கால்மெட்டுக்கு உதவியாளராகச் சேர்ந்தார். பாம்புக்கடி மருந்தும் அம்மைத் தடுப்பூசியும் தயாரிப்பதுதான் முதலில் அவருக்குக் கிடைத்த வேலை.

பிறகு இருவரும் காசநோய் பக்கம் திரும்பினார்கள். மடியில் காசநோய் வந்த ஒரு பசுவிடமிருந்து எடுத்த கிருமியை வளர்த்தார்கள். கிருமிகள் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டதால் ஊசிக்குச் சரிப்படவில்லை. ஒட்டாமல் இருக்க மாட்டுப் பித்தநீரைச் சேர்த்துப் பார்த்தார்கள். அங்கேதான் அதிசயம்! பித்தநீரில் வளர வளர, கிருமியின் வீரியம் குறைந்துகொண்டே வந்தது.

1908இல் தொடங்கினார்கள். கிளிசரின் கலந்த பித்தநீரில் வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டின்மேல் கிருமியை வளர்க்கணும். மூன்று வாரம் கழித்து அதில் கொஞ்சம் எடுத்துப் புதுத் துண்டில் போடணும். மறுபடியும் மூன்று வாரம், மறுபடியும் புதுத் துண்டு. இப்படியே 13 வருஷம், 230 தடவை! நாமெல்லாம் மூன்று வாரம் ஒழுங்காக ஜிம்முக்குப் போனாலே பெரிய விஷயம்.

நடுவில் முதல் உலகப் போர் வந்தது. 1914இல் ஜெர்மன் படை லீல் நகரைப் பிடித்துக்கொண்டது. மாடுகளில் செய்துவந்த சோதனை நின்றுபோனது. மனிதர் சாப்பிடவே உருளைக்கிழங்கு இல்லாத காலத்தில் கிருமிக்கு எங்கே போவது? ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை. பித்தநீர் கிடைக்க உதவியவர்கள் யார் என்றால், எதிரிப் படையின் கால்நடை டாக்டர்கள்தான். 1918இல் கெரினின் மனைவியும் காசநோயில் இறந்தார். அப்பாவைக் கொன்ற அதே நோய். ஆய்வுக்கூடத்தில் கிருமி அடங்கிக்கொண்டு வருகிறது, வீட்டில் மனைவியைக் காப்பாற்ற முடியவில்லை. அதை எப்படித் தாங்கினாரோ!

மனிதருக்குக் கொடுக்குமுன் விலங்குகளில் சோதித்தாக வேண்டும். கெரினின் படிப்பு முழுக்கக் கைகொடுத்த இடம் இதுதான். கினிப்பன்றிக்குக் காசநோய் வெகு சுலபமாகத் தொற்றும். அதற்கே இந்தக் கிருமி நோய் தரவில்லை. முயல், மாடு, குரங்கு எதற்கும் தரவில்லை. 1921இல் பாரிசில் ஒரு பச்சைக் குழந்தைக்கு முதன்முதலாக வாய்வழியாகக் கொடுத்தார்கள். பெற்ற தாய் காசநோயால் இறந்திருந்தார். குழந்தைக்கு நோய் வரவில்லை.

1930இல் பேரிடி விழுந்தது. ஜெர்மனியின் லூபெக் நகரில் இந்த மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளில் 70 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்குள்ள ஆய்வுக்கூடத்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி மருந்தோடு கலந்துவிட்டது என்று விசாரணையில் தெரிந்தது. தப்பு மருந்தில் இல்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு அது என்ன ஆறுதல்? மனமுடைந்த கால்மெட் 1933இல் காலமானார். அதற்குப் பிறகு ஏறக்குறைய 28 வருஷம் அந்த மருந்துக்காக நின்றவர் கெரின்தான். 1948இல் நடந்த முதல் அனைத்துலக பி.சி.ஜி. மாநாட்டுக்கு அவரே தலைவர்.

பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி முழுசாகத் தடுப்பதில்லை, உண்மைதான். ஆனால் பிஞ்சுக் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து நன்றாகவே காக்கிறது.

கெரின் 1961 ஜூன் மாதம் பாரிசில் இறந்தார், 88 வயதில். நம் நாட்டில் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது அதற்கு அடுத்த வருஷம், 1962இல்.