வானத்தை மறைத்துக் கடலைக் கண்டவர்

கடல் ஏன் நீலமாயிருக்கிறது? நம் ஜோகூரின் தேசாரு கடற்கரைக்குச் சென்று வந்த மாணவச் செல்வங்கள் இவ்வாறு வினவினால், வானத்தின் சாயல் நீரில் விழுவதால் என்றே நம்மில் பலர் விடை கூறுவோம். ஒரு காலத்தில் உலகப் பேரறிஞர்களும் அவ்வாறே நம்பினர். அந்நம்பிக்கையை அசைத்தவர் ஒரு தமிழர்.

சர் சி. வி. இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். பதினெட்டு வயதிலேயே முதுகலைப் பட்டம் பெற்றார். கல்கத்தாவில் அரசாங்க நிதித்துறை அதிகாரியாகப் பணியாற்றிக்கொண்டே, காலையும் மாலையும் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1917இல் அப்பதவியைத் துறந்து, அதனினும் குறைந்த ஊதியத்திற்குப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். குடும்பத்தைத் தாங்கும் ஒருவர் இத்தகைய முடிவெடுப்பது எளிதன்று என்பதைத் தோட்டத்துப் பெற்றோர் நன்கறிவர்.

1921இல் இங்கிலாந்து சென்ற இராமன், நார்க்கண்டா என்னும் கப்பலில் தாயகம் திரும்பினார். நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அந்நீலம் வானின் பிரதிபலிப்பே என்று, நோபல் பரிசு பெற்ற இரேலி பிரபு முன்னரே முடிவு கூறியிருந்தார். ஆம் என்றும் இல்லை என்றும் வாதிட்டுக்கொண்டிருந்தால் விடை பிறக்குமா? இராமன் செய்த சோதனையை நோக்குமிடத்து, அவருள் எழுந்த வினா வேறாகவே இருந்திருக்கும் என்று எண்ணுகிறோம். வானம் நீரில் தெரியாமலே போனால், கடல் என்ன நிறமாயிருக்கும்?

வானத்தை மறைக்க யாரால் இயலும்? ஆயினும் அதன் பிரதிபலிப்பை மறைக்கலாம். நிக்கோல் பட்டகம் என்பது கைக்கு அடங்கும் சிறு படிகக் கருவி. தக்க சாய்வில் அதன் வழியே பார்த்தால், நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி தடுக்கப்பட்டுவிடும். கப்பலில் நின்றபடியே இராமன் அவ்வாறு நோக்கினார். வானின் சாயல் அகன்றது. கடலின் நீலமோ அகலவில்லை, முன்னினும் பொலிந்தது! பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே அச்செய்தியை எழுதி, இலண்டன் நேச்சர் இதழுக்கு அனுப்பிவைத்தார்.

நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்றார் அவர். நீர் செந்நிற ஒளியை விழுங்கிக்கொள்வதே பெருங்காரணம் என்பது இன்று தெளிவாகியுள்ளது.

சிதறிய ஒளி தன் நிறம் மாறியும் வருமோ என்பது அடுத்த வினா. ஏழாண்டு உழைப்பின்பின், கே. எஸ். கிருஷ்ணன் துணையோடு 1928 பிப்ரவரி 28இல் அதற்கு விடை கண்டார். இராமன் விளைவு எனப்படும் அக்கண்டுபிடிப்பு, 1930இல் அவருக்கு நோபல் பரிசை ஈட்டித் தந்தது.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. மலர்களின் வண்ணத்தை நம் கண் எவ்வாறு உணர்கிறது என்று பெங்களூரில் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1970 நவம்பர் 21இல் அங்கேயே மறைந்தார்.