பளிங்கின் திசையறிந்த கிருஷ்ணன்

மயிலிட்டிப் பள்ளிச் சிறுவன் பென்சிலைக் காகிதத்தில் இழுக்கும்போது காரீயத்தின் மெல்லிய ஏடுகள் வழுக்கிக் கழன்று எழுத்தாகின்றன. போகலவிலும் கஹட்டகஹவிலும் நம் நாட்டார் அகழ்ந்தெடுக்கும் கனிப்பொருள் அது. ஏடு ஏடாய் அமைந்த அப்பளிங்கின் இயல்பைத் திசைக்குத் திசை அளந்து காட்டியவருள் ஒருவர் தமிழர் என்பதை நம் மாணவர் பலர் அறியார்.

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4ஆம் நாள் வத்திராயிருப்பிற் பிறந்தார். மதுரையிலும் சென்னையிலும் கற்றுக் கல்கத்தா சென்று இராமனிடம் சேர்ந்தார். 1928இல் இராமன் விளைவு வெளிப்பட்டபோது உடனிருந்து உழைத்தவர் இவர். 1930இல் நோபற் பரிசு ஆசிரியர்க்கு மட்டுமே கிடைத்தது. அதுபற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆயினும் கிருஷ்ணன் பெருமையை அந்த ஒரு விளைவோடு கட்டிவைப்பது அவருக்கு இழைக்கும் அநீதியென்றே சொல்வேன்.

அவர் தமக்கென வகுத்த வழி வேறு. 1928இன் இறுதியில் டாக்காப் பல்கலைக்கழகம் சென்றார். 1933இற் கல்கத்தா மீண்டார். ஈரிடத்தும் அவர் தொடுத்த வினா ஒன்றே: பளிங்கு எல்லாத் திசையிலும் ஒரே இயல்புடையதா? கருவியோ மிக எளிது. நுண்ணிய குவார்ட்ஸ் இழையிற் சிறு பளிங்கொன்றைக் கட்டிக் காந்தப் புலத்திடையே தொங்கவிடுவார். இழையின் தலையை மெல்ல மெல்ல முறுக்குந்தோறும் பளிங்கு தன் நிலையை விடாது பற்றி நிற்கும். முறுக்கு ஓர் எல்லையைத் தாண்டியதும் சட்டெனப் புரண்டுவிடும். அந்த எல்லையைக் கொண்டு, காந்த இயல்பு திசைதோறும் எவ்வளவு வேறுபடுகிறதெனக் கணித்தார். மாணவர் பானர்ஜியுடன் செப்பஞ்செய்த இம்முறை அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது.

காரீயத்தில் அவர் கண்டது வியப்புக்குரியது. காந்தத்தை விலக்கும் ஆற்றல் ஏட்டின் போக்கிலே மிகச் சிறிது. ஏட்டுக்குச் செங்குத்தாகவோ அதனினும் நாற்பது மடங்குக்கு மேல்! மின்சாரமும் ஏட்டின் வழியே எளிதில் ஓடும். குறுக்கே செல்லத் தயங்கும்.

இன்று கணினி நினைவகங்களுக்கென ஆராயப்பெறும் அடுக்கு ஒட்சைட்டு மென்படலங்களிலும் திசையே பெரும் பிரச்சினை. அங்கே பேசப்படுவது மின்முனைவு. ஒரே திசையில் முனைந்த சிறுசிறு வட்டாரங்கள் அப்படலத்தில் உள்ளன. மின்புலம் ஓர் எல்லையைக் கடந்தால் அவை திசைமாறிப் புரளும். காரணம் வேறுதான். எனினும் தொங்கும் பளிங்கு புரண்டதை அறிந்தவர்க்கு இது விளங்காமற் போகாது.

இலண்டன் அரச கழகம் 1940இல் அவரை உறுப்பினராக்கியது. 1942இல் அலகாபாத்திற் பேராசிரியரானார். 1947இல் டில்லியில் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதல் இயக்குநராகி, ஓயாத அலுவலிடையேயும் தமிழையும் வடமொழியையும் கைவிடாதிருந்தார். 1961 ஜூன் மாதம் மறைந்தார்.