நர்மதைக் கரையில் ஓர் அரசி: மகேஸ்வரும் அகல்யாபாய் அம்மையாரும்

நம் நாட்டிலிருந்து காசி யாத்திரை செல்லும் அன்பர்கள் விசுவநாதர் சந்நிதியில் நின்று கைகூப்பும்போது, அந்த ஆலயத்தைக் கட்டியவர் யார் என்று எண்ணிப் பார்ப்பது அரிது. 1669ஆம் ஆண்டில் அவுரங்கசீப்பின் ஆணையால் இடிக்கப்பட்ட கோயிலுக்கு அருகே, நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின், 1780இல் இன்றுள்ள கோயிலை எழுப்பியவர் கணவனையும் ஒரே மகனையும் பறிகொடுத்த ஒரு கைம்பெண் ஆவார். அவர் காசியை ஆண்டவரும் அல்லர். அங்கிருந்து தென்மேற்கே பன்னூறு கல் தொலைவில், நர்மதை ஆற்றின் வடகரையில் அமைந்த மகேஸ்வர் என்னும் சிறிய ஊரிலிருந்து மாளவ நாட்டை ஆண்டவர். அவரே இராணி அகல்யாபாய் ஹோல்கர்.

1725ஆம் ஆண்டு மே திங்கள் 31ஆம் நாள், இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தின் சொண்டி என்னும் சிற்றூரில் அம்மையார் பிறந்தார். தந்தை மான்கோஜி சிந்தே அவ்வூரின் பட்டேல். பெண்கள் கல்வி பயிலாத அக்காலத்தில் அவர் தம் மகளுக்கு எழுத்தறிவித்தார். மராட்டியப் பேஷ்வாவின் படைத்தலைவராகி மாளவத்தில் ஆட்சியுரிமை பெற்றிருந்த மல்ஹார் ராவ் ஹோல்கர், சிறுமியான அகல்யாவைத் தம் மகன் கண்டேராவுக்கு மணமுடித்து அழைத்துச் சென்றார். 1745இல் மாலேராவ் என்ற மகனும், 1748இல் முக்தாபாய் என்ற மகளும் பிறந்தனர்.

1754இல் பரத்பூருக்கு அருகிலுள்ள கும்பேர் கோட்டை முற்றுகையின்போது கண்டேராவ் பீரங்கிக் குண்டுக்கு இரையானார். அகல்யா உடன்கட்டை ஏறத் துணிந்தார். முதியவரான மாமனார் தம்மைத் தனியே விட்டுச் செல்ல வேண்டாம் என்று கண்ணீருடன் கெஞ்சித் தடுத்து நிறுத்தினார். தடுத்ததோடு அமையாமல், அரசுக் காரியங்களையெல்லாம் மருமகளுக்குப் பழக்கினார். தாம் போர்க்களத்தில் இருந்த நாள்களில், பீரங்கிப் படைக்கு வேண்டிய ஏற்பாடுகளையும் கடிதம் வழியே அவரிடம் ஒப்படைத்தார். பிற்காலத்தில் அம்மையார் காட்டிய ஆட்சித் திறம், இந்தப் பன்னிரண்டு ஆண்டுப் பயிற்சியில் விளைந்தது என்பதே என் கருத்து.

1766இல் மல்ஹார் ராவ் மறைந்தார். பட்டம் ஏறிய மாலேராவும் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தார். இந்நிலையில் திவான் கங்காதர் யஷ்வந்த், ஒரு குழந்தையைத் தத்தெடுக்கச் செய்து ஆட்சியைத் தம் கையில் வைத்துக்கொள்ள எண்ணினார். பேஷ்வாவின் சிற்றப்பா இரகுநாத ராவைப் படையுடன் வரவழைத்தார். அம்மையார் அஞ்சவில்லை. அண்டை மராட்டியத் தலைவர்களுக்கு ஓலை அனுப்பி ஆதரவு தேடினார்; தம் படையையும் திரட்டினார். ஒரு பெண்ணை வென்றால் புகழில்லை, தோற்றாலோ நாடு முழுவதும் நகைக்கும் என்னும் பொருள்படச் செய்தி அனுப்பினார் என்றும் கூறுவர். பேஷ்வா மாதவராவ் அம்மையார் பக்கமே தீர்ப்பளித்தார். 1767 டிசம்பரில் ஆட்சிப் பொறுப்பு முறையாக அவரிடம் வந்தது. படைத்தலைமையைத் துக்கோஜி ஹோல்கரிடம் கொடுத்து, வரவு செலவையும் நீதியையும் தம்மிடம் வைத்துக்கொண்டார். பணம் கேட்டுப் போர்முனையிலிருந்து துக்கோஜி விடுத்த வேண்டுகோள்களால் இருவருக்கும் இடையே மனத்தாங்கல் எழுந்ததுண்டு. ஆயினும் அந்த ஏற்பாடு அம்மையாரின் இறுதிநாள் வரை நிலைத்தது.

இந்தூரைத் தலைநகராக்காமல் அவர் மகேஸ்வரைத் தேர்ந்தார். கோட்டையின் அடிவாரத்தில் ஆற்றை நோக்கி இறங்கும் அகன்ற படித்துறைகளையும், கோயில்களையும், தாம் வாழ எளிய மாளிகை ஒன்றையும் கட்டினார். விடியலுக்கு முன் எழுந்து பூசை, புராணம் கேட்டல், அன்னதானம். பிற்பகல் முதல் அந்தி வரை திரையின்றி வீற்றிருந்து வழக்குகளைக் கேட்டல். இரவில் மீண்டும் அலுவல். அவர் மறைந்த சில காலத்திற்குப் பின் மாளவத்திற்கு வந்த ஆங்கிலேயத் தளபதி ஜான் மால்கம், முதியோர் பலரை விசாரித்து இந்த அன்றாட ஒழுங்கைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார். அரசுக் கோப்புகளோடு நாளெல்லாம் உழலும் என் போன்றோர்க்கு, இரவு ஒன்பது மணிக்குமேல் அவர் மீண்டும் அலுவலில் அமர்ந்தார் என்ற செய்தி சற்றே வெட்கத்தை உண்டாக்குகிறது!

தலைநகரம் வந்துவிட்டால் மட்டும் ஊர் செழித்துவிடாது. மக்களுக்குத் தொழில் வேண்டும். மகேஸ்வர் அமைந்துள்ள நிமாட் பகுதி பருத்தி விளையும் மண். அம்மையார் சூரத் முதலிய ஊர்களிலிருந்து நெசவாளர்களை வரவழைத்துக் குடியமர்த்தினார். மராட்டியப் பெண்டிர் உடுத்தும் ஒன்பது கஜச் சேலையும், ஆடவர் தலைப்பாகைத் துணியும் அவர்களுடைய தறிகளில் உருவாயின. அரண்மனைக்கு வரும் விருந்தினர்க்குப் பரிசாக அளிப்பதும் அந்தத் துணியே என்பதால், அரண்மனையே முதல் வாடிக்கையாளர் ஆயிற்று. கோட்டைச் சுவரிலும் கோயில் தூணிலும் செதுக்கிய செங்கல், பாய்ப்பின்னல், மல்லிகை ஆகிய வடிவங்கள் சேலைக் கரையில் ஏறின. நர்மதையின் அலையும் ஒரு கரையாயிற்று. முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோல் உடுத்தக்கூடிய கரையும், முந்தானையில் ஐந்து பட்டைகளும் மகேஸ்வரிச் சேலையின் அடையாளங்கள். இந்த நெசவுத் தொழிலை நிறுவியது, அவர் கட்டிய எந்தக் கோயிலுக்கும் குறையாத திருப்பணி என்று சொல்லத் தோன்றுகிறது.

வணிகம் நடக்க வழி வேண்டும். மாளவ மேட்டுநிலத்திற்கும் நர்மதைப் பள்ளத்தாக்கிற்கும் குறுக்கே விந்திய மலை நிற்கிறது. ஜாம் கணவாயில் பெரும்பொருள் செலவிட்டுப் பாதை அமைத்தார். அந்த மலைகளில் வாழ்ந்த பில் மக்கள் வணிகக் கூட்டங்களைக் கொள்ளையிட்டு வந்தனர். முதலில் கடுமை காட்டிய அம்மையார், பிறகு வேறு வழி கண்டார். பொதிமாடுகள் மீது ஒரு சிறு சுங்கம் வாங்கும் அவர்களுடைய பழைய உரிமையை ஏற்றார். தரிசு நிலங்களைப் பயிரிடச் செய்தார். அதற்கு ஈடாக, தங்கள் எல்லைக்குள் களவு போகும் பொருளுக்கு அவர்களையே பொறுப்பாக்கினார். கொள்ளையடித்தவரே காவலர் ஆயினர்.

பிள்ளையில்லாத செல்வர் இறந்தால் அவர் சொத்தில் அரசு கைவைப்பது அக்கால வழக்கம். இந்தூரில் அவ்வாறு இறந்த ஒரு வணிகரின் செல்வத்தில் பங்கு கொள்ளத் துக்கோஜி விரும்பியபோது, கைம்பெண் மகேஸ்வருக்கு ஓடிவந்து முறையிட்டாள். அம்மையார் அவளுக்கு உரிமையை உறுதிசெய்து, துக்கோஜியின் படை இந்தூரை விட்டு விலகி நிற்க ஆணையிட்டார்.

இனி, ஆலயப் பணியில் ஈடுபட்டோர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்றைக் கூறுகிறேன். ஹோல்கர் அரசில் இரு கணக்குகள் இருந்தன. வரிப்பணம் சேர்வது அரசுக் கருவூலம். மற்றொன்று காஸ்கி எனப்படும் குடும்பத்தின் தனிச் சொத்து; மல்ஹார் ராவின் மனைவி கௌதமாபாய்க்குப் பேஷ்வா அளித்த நிலங்களிலிருந்து தொடங்கியது. நீர் வார்த்துத் துளசி இலையை வைத்து, தம் வசம் வந்த செல்வத்தை அறத்திற்கென ஒப்புவித்தார் அம்மையார். காசி, சோமநாதம், கயை விஷ்ணுபாதம், எல்லோராவுக்கு அருகிலுள்ள கிருஷ்ணேசுவரம் ஆகிய திருப்பணிகள் அந்தத் தனிச் சொத்தைக்கொண்டே நடந்தன. கேதாரம் முதல் இராமேசுவரம் வரை அவர் தருமம் பரவியது. தென்னாட்டுக் கோயில்களின் அபிஷேகத்திற்குக் கங்கை நீரைக் காவடிகளில் அனுப்பவும் ஏற்பாடு செய்தார். கட்டியதோடு விடாமல், பூசைக்கும் பராமரிப்புக்கும் நிலமும் மானியமும் எழுதி வைத்தார். தம்மைப் புகழ்ந்து ஓர் அந்தணர் நூல் இயற்றி வந்தபோது, பொறுமையாகக் கேட்டு, அந்நூலை நர்மதையில் எறியச் சொன்னாராம்.

இறுதிக் காலம் துயரம் மிக்கது. 1790இல் மகள் வயிற்றுப் பேரன் இறந்தான். மறு ஆண்டு மருமகன் யஷ்வந்தராவ் பான்சேயும் மறைய, முக்தாபாய் உடன்கட்டை ஏற முடிவு செய்தார். முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் மாமனார் தமக்கு முன் எப்படிக் கெஞ்சினாரோ, அப்படியே மகள் முன் கெஞ்சினார் அம்மையார். அன்று அவர் இணங்கினார். இன்று மகள் இணங்கவில்லை. நாடாளும் அதிகாரம் கையில் இருந்தும் அவர் ஆணையிடவில்லையே என்று கேட்போர் உண்டு. அக்கால மரபு அவர் கையையும் கட்டியிருந்தது போலும். நர்மதைக் கரையில் சிதை எரிந்ததைக் கண்ட தாய், மூன்று நாள் உணவின்றி, பேச்சின்றிக் கிடந்தார். பிறகு எழுந்து மீண்டும் அலுவலில் அமர்ந்தார். 1795 ஆகஸ்டு 13ஆம் நாள், எழுபதாம் வயதில் மகேஸ்வரிலேயே காலமானார்.

1818இல் ஆங்கிலேயருடன் செய்த மந்தசோர் உடன்படிக்கைக்குப் பின் இந்தூர் தலைநகராயிற்று. மகேஸ்வரின் செல்வாக்கும் தறியோசையும் மெல்லத் தேய்ந்தன. 1979இல் ஹோல்கர் குடும்பத்தினர் ரேவா என்னும் சங்கத்தை அமைத்து, நெசவாளர் பெண்களுக்கு வேலையளித்து அத்தொழிலை மீட்டனர். அறச் சொத்துகளுக்கு 1962இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது. அவற்றுள் சில கைமாறியது தொடர்பாக எழுந்த வழக்கில், அந்த அறக்கட்டளை மத்தியப் பிரதேசப் பொது அறக்கட்டளைச் சட்டத்திற்கு உட்பட்டதே என 2022இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தூரிலிருந்து மகேஸ்வர் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். காசிக்குப் போகும் அன்பர்கள் பயணத்தில் இரண்டு நாள் கூட்டிக்கொண்டால் இதையும் காணலாம். அம்மையார் அமர்ந்து நீதி வழங்கிய இருக்கை மாளிகையில் வெள்ளைத் திண்டுடன் இருக்கிறது. கோட்டைக்குள் தறிகள் ஓடுகின்றன. விரும்பியோர் சேலையும் வாங்கி வரலாம்.