வழியில்லா வழியில் வந்த அடிகளார்

கண்டி மாநகரின் வடபால், கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் பாதையிலே மஹய்யாவ அமைந்துள்ளது. அங்குள்ள பெரிய மயானத்தில் தலைமுறை தலைமுறையாக நகரத்தார் பலர் துயில்கின்றனர். கல்லறைகளிலே அவர்தம் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆயின், இந்நகரிலேயே உயிர்நீத்து, இன்று உலகெங்கும் புனிதரெனப் போற்றப்பெறும் ஒருவரின் கல்லறை எவ்விடத்ததென அறிவாரில்லை. அவரே யோசேவாஸ் அடிகளார்.

கோவா நாட்டின் பெனாலிம் என்னும் ஊரிலே, கொங்கணி அந்தணர் மரபினராய் 1651 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் நாள் தோன்றிய அடிகளார், 1676 இல் குருப்பட்டம் பெற்றார். அக்காலத்து இலங்கைக் கத்தோலிக்கரின் நிலை பெரிதும் இரங்கத்தக்கது. 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தி, அவர்கள் மீண்டும் கால்வைப்பதையும் தடுத்தனர். முப்பது ஆண்டளவாகப் பூசை காணாத மக்கள், மறைவிலே செபமாலை உருட்டி வாழ்ந்தனர்.

இச்செய்தி அடிகளாரின் நெஞ்சை உறுத்திற்று. படையில்லை, பொருளில்லை, அந்நாட்டில் அறிமுகமானவர் ஒருவருமில்லை. ஆயினும், யோவான் என்னும் பணியாளர் ஒருவருடன் புறப்பட்டுத் தென்னாடு கடந்து, தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி, 1687 இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணக் கரையை அடைந்தார். வந்திறங்கியவரை வரவேற்றது கடும் வயிற்றுளைவு நோயே. கஞ்சி வார்த்த ஏழைப் பெண்ணொருத்தியின் கருணையால் உயிர் பிழைத்தவர், கழுத்திலே செபமாலையுடன் வீடுவீடாகப் பிச்சை ஏற்றார். அம்மாலையைக் கண்டு முகமலர்ந்தவரே அவர் தேடிவந்த மந்தை. சில்லாலை மக்கள் அவரை மறைத்துக் காத்தனர். ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையாகவே, அவர் புத்தளம் சென்று, 1692 இல் கண்டி இராச்சியத்தின் தலைநகரை நாடினார்.

அங்கே காத்திருந்தது சிறை! போர்த்துக்கேயரின் உளவாளியென்ற பழி அவர்மீது சுமத்தப்பட்டது. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைக் காவலில் வைத்தான். முன்னே செல்ல வழியில்லை. பின்னே திரும்பவும் வழியில்லை. அந்நிலையில் அடிகளார் செய்தது யாது? சிங்களம் கற்றார். சிறைக்குள்ளேயே சிறு பலிபீடம் அமைத்தார். விடுதலை என்று வருமென அறியாதவர், அன்றன்று செய்யத்தக்கதைச் செய்துவந்தார். மன்னனின் ஐயம் மெல்லத் தணிந்தது.

1696 இல் கொடும் வறட்சி நேர்ந்தபோது, அடிகளார் திறந்த வெளியிலே சிலுவை நாட்டிச் செபிக்க, மழை பொழிந்ததெனத் திருச்சபை வரலாறு கூறும். இதனை அற்புதம் என்பாரும் உளர். தற்செயல் என்பாரும் உளர். மறு ஆண்டு நிகழ்ந்ததற்கோ அத்தகைய வாதம் வேண்டுவதில்லை. 1697 இல் கண்டியில் வைசூரி பரவியது. மன்னன் நகர் நீங்கினான். நோயுற்றோரை உற்றாரே காட்டில் விட்டு அகன்றனர். அடிகளாரோ, தம் மருமகனாரான யோசேப் கர்வாலோ அடிகளாருடன் அக்குடிசைகளைத் தேடிச் சென்றார். புண்களைக் கழுவினார், உணவூட்டினார், இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கம் செய்தார். பௌத்தர், கத்தோலிக்கர் என்ற வேறுபாட்டை அவர் அறியார். நோய் தம்மையும் பற்றலாமென்பதை அறியாதவரல்லர். தம் உயிரை இறைவன் கையில் ஒப்புவித்தே சென்றார். உளவாளியென்று சிறையிட்ட நகரம், அவரைத் தன்னவராகவே ஏற்றுக்கொண்டது.

பின்னர் கோவாவிலிருந்து வேறு குருமாரும் வந்தனர். அவருள் 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், தமிழிலும் சிங்களத்திலும் அரிய நூல்கள் இயற்றிப் புகழெய்தினார். ஓய்வறியாது உழைத்து உடல் தளர்ந்த யோசேவாஸ் அடிகளார், 1711 ஆம் ஆண்டு சனவரி 16 ஆம் நாள் கண்டியிலே இறைவனடி சேர்ந்தார். 304 ஆண்டுகள் கழிந்து, 2015 சனவரி 14 ஆம் நாள், கொழும்பு காலிமுகத்திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

பாதை முழுவதும் தெரிந்த பின்னரே புறப்படுவேன் என்று அடிகளார் இருந்திருப்பாராயின், கோவாவை விட்டே நகர்ந்திருக்கமாட்டார். அடுத்த அடிக்கு வேண்டிய ஒளியே போதுமென அவர் நடந்தார். கண்டியிலே அவர் பெயர் பொறித்த கல்லறை இல்லையெனினும், கைவிடப்பட்ட நோயாளியின் அருகே ஒருவர் அஞ்சாது அமரும் இடமெல்லாம் அவர் நினைவுச் சின்னமே.