பெருங்குளம் மாதவையா

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து, பகற்பொழுதைக் கோப்புகளோடு கழித்து, மாலையில் தமிழை நாடிச் சங்கத்திற்கு வரும் நம்மனோர்க்கு அ. மாதவையாவின் வாழ்க்கை மிகவும் அண்மையது. சர்க்கார் உத்தியோகத்திலிருந்துகொண்டே நாவலும் நாடகமும் கவிதையும் சிறுகதையும் எழுதிய பெருமகனார் அவர்.

திருநெல்வேலிச் சீமையில் பெருங்குளம் என்னும் சிற்றூரில் 1872 ஆம் ஆண்டு பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் டாக்டர் மில்லரின் தலைமையில் பயின்று, 1892 இல் பி.ஏ. பட்டம் பெற்றார். ‘கமலாம்பாள் சரித்திரம்’ இயற்றிய ராஜமையரும் அக்கல்லூரி மாணவரே. ராஜமையர் இளமையிலேயே 1898 இல் மறைந்தார். தமிழ் நாவலுக்கு அடிகோலிய இவ்விருவரும் ஒரே கல்லூரியில் உருவானமை குறிப்பிடத்தக்கது.

பட்டம் பெற்றபின் உப்பு, ஆப்காரி இலாகாவில் மாதவையா அமர்ந்தார். உப்பளங்களை மேற்பார்ப்பது, ஊர் ஊராய்ச் சுற்றுவது, மேலிடத்திற்கு அறிக்கை எழுதுவது என்பனவே அன்றாடக் கடமைகள். நூலகமும் புலவர் கூட்டமும் வாய்க்காத இத்தகைய வேலையினூடே அவர் எழுதினார். ஆயினும் அவ்வேலை அவருக்கு வெறும் தடையாக இருந்துவிடவில்லை. பலவகை மாந்தரையும் அவர்தம் பேச்சையும் நேரிற் கண்டறியும் வாய்ப்பை அது தந்தது.

அவருடைய ‘பத்மாவதி சரித்திரம்’ 1898 இல் முதற்பாகமும் அடுத்த ஆண்டில் இரண்டாம் பாகமுமாக வெளிவந்தது. அதற்கு முன், 1879 இல் வெளியான வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ விந்தை நிகழ்ச்சிகளும் கிளைக்கதைகளும் நிறைந்தது. மாதவையாவோ அரசர்களையும் அற்புதங்களையும் நாடவில்லை. தாம் அறிந்த குடும்பங்களையும், படிப்பிற்காகப் பட்டணம் சேர்ந்த இளைஞர்களையும், வீட்டிற்குள் அடைபட்ட பெண்களையும் அவர்கள் இருந்தவாறே எழுதினார். நாவல் என்பது நம் தெருவின் கதையாகவும் இருக்கலாம் என்பதைத் தமிழர்க்கு உணர்த்தியவர்களுள் அவர் முதன்மையானவர்.

எனினும் அவருடைய துணிவை முழுதும் காட்டுவது ‘முத்துமீனாட்சி’ என்னும் சிறு நாவலே. ‘சாவித்திரி சரித்திரம்’ என்ற பெயரில் 1892 இல் ‘விவேக சிந்தாமணி’ப் பத்திரிகையில் அது தொடங்கி, இடையிலேயே நின்றுபோயிற்று. மாதவையா அதனைக் கைவிட்டாரல்லர். ஏறத்தாழப் பதினோராண்டு கழித்து, 1903 இல், புதுப்பெயருடன் நூலாக வெளியிட்டார். பால்ய விவாகம், மாமியார் கொடுமை, விதவைக் கோலம், மறுமணம் ஆகியவற்றை ஒரு பிராமணப் பெண்ணே தன் வாய்மொழியாகச் சொல்வதுபோல் அந்நூல் அமைந்துள்ளது. ஆசிரியர் வெளியே நின்று இரங்கியிருப்பின் அஃது ஓர் உபதேசமாக முடிந்திருக்கும். துன்புற்றவளையே பேசவிட்டமையால் அது கதையாயிற்று. கருத்தைக் காட்டிலும் சொல்லும் குரலைத் தேர்வதே கதைத் தொழிலின் உயிர்நிலை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

ஆங்கிலத்திலும் அவர் வல்லவர். ‘தில்லை கோவிந்தன்’, ‘கிளாரிந்தா’ முதலிய நாவல்களை அம்மொழியில் எழுதினார். ‘இந்து’ பத்திரிகைக்குக் குசிகர் என்ற புனைபெயரில் ஆங்கிலத்தில் எழுதிய சிறுகதைகளைப் பின்னர்த் தாமே தமிழாக்கி, ‘குசிகர் குட்டிக் கதைகள்’ என 1924 இல் வெளியிட்டார். ஆங்கிலத்தில் கிடைத்த பெயரோடு அமைதி கொள்ளாமல் அவற்றைத் தாய்மொழிக்குக் கொண்டுவந்தது அவர்தம் தமிழ்ப் பற்றைக் காட்டும். சீர்திருத்த நோக்கம் சில இடங்களில் கதையை மீறி ஒலிக்கிறது என்பது உண்மையே. அவர் பாடல்களிலும் அந்நோக்கமே முன்னிற்கிறது. ஆயின் நடை எங்கும் தெளிவு. யாவர்க்கும் விளங்கவேண்டும் என்பதே அவர் குறிக்கோள்.

உத்தியோகக் காலம் முடியுமுன்பே 1922 இல் அவர் ஓய்வு பெற்றார். வரவேண்டிய ஓய்வூதியத்தை முன்கூட்டியே தொகையாக மாற்றிப் பெற்று, மயிலாப்பூரில் அச்சுக்கூடம் நிறுவினார். 1924 இல் ‘பஞ்சாமிர்தம்’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். பிள்ளைகள் பலருடைய தந்தையார் ஒருவர் முதுமைக்கான பொருளைத் தமிழ் இதழில் இட்டார் என்றால், அதனை எளிய செயலாகக் கொள்ளல் இயலாது. ‘பத்மாவதி சரித்திர’த்தின் மூன்றாம் பாகத்தையும் அவ்விதழில் எழுதத் தொடங்கினார். அதை முடிக்க ஆயுள் இடந்தரவில்லை.

1925 அக்டோபர் 22 ஆம் நாள், சென்னைப் பல்கலைக்கழகச் செனட் கூட்டத்தில், பி.ஏ. வகுப்பில் தமிழ் கட்டாயப் பாடமாகவேண்டும் என வாதாடிப் பேசி அமர்ந்தவர், அங்கேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 53. ‘பஞ்சாமிர்த’மும் அவருக்குப் பின் நெடுநாள் நீடிக்கவில்லை. ஆயினும் எழுத்து அக்குடும்பத்தை விட்டகலவில்லை. மைந்தர் அனந்தநாராயணன் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக விளங்கியதோடு ஆங்கில நாவலும் எழுதினார். இளைய மைந்தர் மா. கிருஷ்ணன் இயற்கை பற்றி எழுதிப் புகழெய்தினார்.

உத்தியோகம் ஓயட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருப்போர் நம்மிடையே உண்டு. மாதவையா அவ்வாறு காத்திருந்திருப்பின், ஓய்வுக்குப்பின் அவருக்குக் கிட்டியிருக்கக்கூடியது ஏறக்குறைய மூன்றே ஆண்டுகள். அவர் காத்திராமையால் தமிழ் நாவல் வளர்ந்தது.